அறிவித்தல் கொப்பியில் எங்கட பேர் இல்லை

எல்லாப் பாடசாலையிலும் ஒரு நீட்டுக் கொப்பி இருக்கும். பிரவுண் பேப்பர் உறை, மேலே 'அறிவித்தல் புத்தகம்' என்று தடித்த எழுத்து. அதிபர் எழுதுவார். கீழே ஆசிரியர்களின் பெயர் வரிசை, பக்கத்தில் ஒப்பம் வைக்க இடம். இரண்டாம் பாடம் நடக்கும்போது அலுவலகத்து அண்ணையோ ஒரு மாணவத் தலைவனோ அதை வகுப்பு வகுப்பாகக் கொண்டு திரிவார்கள். ரீச்சர் கரும்பலகையில் பாதி வசனத்தோடு நிற்பா. ஒரு கையில் சோக், மற்றக் கையில் பேனை, வாசலிலேயே ஒப்பம் விழும். அதில் என்னதான் எழுதியிருந்தது என்று இடைவேளைக்குத்தான் பக்கத்து ஆளிடம் கேட்பா.

நாங்கள் படித்த காலத்திலும் இந்தக் கொப்பி இதே மாதிரித்தான் திரிந்தது. அப்போது அது எங்களுக்குச் சந்தோசம். கொப்பி வந்தால் ரீச்சர் வாசலுக்குப் போவா, நாங்கள் கதைக்கலாம்.

இப்போது கிளிநொச்சியின் உட்பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் நாங்கள் 4 பேர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக இருக்கிறோம். 2020 இல் 20,000 ரூபா கொடுப்பனவோடு பட்டதாரிப் பயிலுநர்களாகப் போன கூட்டம். பதவிப் பெயர் ஒன்று, செய்கிற வேலை இன்னொன்று. வெற்றிடம் இருக்கிற பாடமெல்லாம் எங்கள் தலையில். ஆனால் நாங்கள் ஆசிரியர் இல்லை என்பதால் கொப்பியின் பெயர் வரிசையில் எங்கள் பெயர் இல்லை. பெயர் இல்லாத ஆளிடம் கொப்பி வராது. அண்ணை எங்கள் வகுப்பு வாசலைத் தாண்டிச் சிரித்துக்கொண்டே போவார். அவரில் பிழை இல்லை.

போன வருசம் 9 ஆம் தரத்துக் குடியியற் கல்வி ரீச்சர் பிரசவ விடுமுறையில் போனா. வகுப்பு எங்களில் ஒருத்தியிடம் வந்தது. பாடத்திட்டத்தின்படி அலகுகளை முடித்து, பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுத்தாள். தவணைப் பரீட்சை அன்று வினாத்தாளைப் பிரித்தால் இரண்டாம் பகுதியில் முதலாம் வினா கட்டாயம் என்று இருக்கிறது. அதுவும் முதலாம் தவணை அலகிலிருந்து. அதற்கு முதல் விரும்பிய 5 வினா எழுதலாம் என்றுதான் இருந்தது. 28 பிள்ளைகளில் 11 பேர் அந்த வினாவைத் தொடவே இல்லை.

விசாரித்துப் பார்த்தால், அந்த மாற்றம் பற்றிய கடிதம் 3 கிழமைக்கு முதலே வந்திருக்கிறது. கொப்பியில் ஒட்டி, எல்லாரும் ஒப்பமும் வைத்திருக்கிறார்கள். விடுமுறையில் போன ரீச்சரும்தான். அடுத்த நாளிலிருந்து அவ வரவில்லை.

"கொப்பியில எழுதினதுதானே பிள்ளை" என்றார் பிரதி அதிபர்.

"கொப்பி எங்களுக்கு வாறேல்ல சேர்."

"அதில உங்கட பேர் இல்லைத்தானே."

அவர் நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதைத்தான் காரணமாக நினைத்தார். அந்தக் கொப்பி ஆட்களுக்கு அறிவிக்க வைத்ததா, அறிவித்தாயிற்று என்று நாளைக்கு மேலிடத்துக்குக் காட்ட வைத்ததா என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் எங்களுக்கு வந்தது. ஒப்பம் எல்லாம் சரியாக இருந்தது. 11 பிள்ளைகளின் புள்ளி மட்டும்தான் சரியாக இல்லை. அதில் ஒரு பிள்ளை எங்களிடம் வந்து, "மிஸ், நீங்க சொல்லியிருந்தா நான் படிச்சிருப்பன்" என்றது. அதற்கு என்ன சொல்வது? கொப்பிக் கதையை 14 வயதுப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த ஏலாது.

கொப்பிதானே பழசு, வட்ஸ்அப் இருக்கே என்பீர்கள். இருக்கிறது. 'ஸ்ராவ்' என்று ஒரு குறூப், 'ஸ்ராவ் புதிது' என்று இன்னொன்று, விளையாட்டுப் போட்டிக்குத் தொடங்கி மூடாமல் விட்ட ஒன்று. காலை வணக்கப் பூக்களுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் நடுவில் ஒரு சுற்றுநிருபத்தின் மங்கலான படம். பல நேரம் சிங்களப் பிரதிதான் முதலில் சுற்றும், தமிழ்ப் பிரதி வரும்வரை ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு. இல்லாவிட்டால் 4 நிமிடக் குரல் பதிவு, முக்கியமான திகதி மூன்றாவது நிமிடத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கிற ரீச்சருக்கு, நாளைக்கு இல்ல மெய்வல்லுநர் ஒத்திகை, பாடம் நடக்காது என்ற செய்தி இரவு 11 மணிக்கு வரும். எந்த நிறச் சாறி என்ற செய்தி மட்டும் எப்படியோ 2 நாளுக்கு முதலே எல்லாருக்கும் போய்விடும். அதை யார் பொறுப்பெடுத்துச் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்து அவரிடமே மற்ற அறிவித்தல்களையும் கொடுக்கலாம்.

எங்கள் தலைமுறைக்குத் திகதி மாறுவது புதிதில்லை. 2023 இல் புதிய கல்வியாண்டு மார்ச் கடைசியில்தான் தொடங்கியது. 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சை தொடங்கின கிழமையே வெள்ளத்தால் நிறுத்தி, டிசம்பர் 4 இல் திரும்பத் தொடங்கினார்கள். மாறுவதைத் தடுக்க ஏலாது. ஆனால் மாறினது யாருக்குத் தெரியவேண்டுமோ அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். வெள்ளம் நிற்கிற ஊரில் கரண்ட் இல்லாத போனுக்கு மெசேஜ் போட்டுவிட்டு, அறிவித்தாயிற்று என்று இருக்க முடியுமா?

அந்தப் பரீட்சைக்குப் பிறகு, பாவிக்காத வகுப்பறையில் கிடந்த ஒரு பழைய கரும்பலகையைத் தூக்கிவந்து ஸ்ராவ் றூம் வாசலில் சாத்தினோம். அதிபரிடம் கேட்டுத்தான். அவர் கொஞ்சம் யோசித்தார். "எழுதிப் போட்டா, அதில பிழையெண்டா எனக்குத்தான் கேள்வி வரும்" என்றார். பிறகு, சரி செய்யுங்கோ என்றார். 3 நிரல்: என்ன, எப்ப, எந்த வகுப்புக்கு. இரண்டாம் கிழமை ஒரு மூத்த ரீச்சர் தானாகவே நாலாவது நிரல் கீறினா: ஆரிட்டக் கேக்கலாம். உண்மையில் வேலை செய்தது அந்த நிரல்தான். 'பா.ம.க. புள்ளிப் படிவம், 10 ஆம் தரம்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தால் ஆட்கள் போய்க் கேட்கிறார்கள். பெயர் இல்லாவிட்டால் வாசித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறார்கள்.

இன்னொன்றும் கேட்டோம். யாராவது நீண்ட விடுமுறையில் போனால், அவருடைய வகுப்பை எடுப்பவர் கடைசி ஒரு மாதத்து அறிவித்தல்களை வாசிக்க வேண்டும். கொப்பியை அரை மணித்தியாலம் கையில் தந்தால் போதும், காசு செலவில்லை. இதற்கு ஒத்துக்கொள்ள ஒரு தவணை பிடித்தது.

பலகையால் எல்லாம் சரியாகிவிட்டது என்றில்லை. மழைக்குச் சாரல் அடித்தால் அழிந்துபோகும். ஒளிவிழாவுக்குக் கீறின மெழுகுதிரி 2 கிழமை அழியாமல் நின்றது. சோக் முடிந்தால் வாங்குவது யார் என்று இன்னும் முடிவில்லை.

இந்த வருசம் கொப்பியின் பெயர் வரிசையில் எங்களையும் சேர்க்கலாம் என்று அதிபர் சொன்னார். எங்களில் 3 பேருக்குச் சம்மதம். நாலாவது ஆள் மாட்டேன் என்கிறாள். "ஒப்பம் வைச்சா பொறுப்பு எங்கட. ஆசிரியர் நியமனம் மட்டும் எங்கட இல்லையோ?" என்கிறாள். கொப்பியை வாசிக்கிறாள், பிள்ளைகளுக்குச் சொல்கிறாள், ஒப்பம் மட்டும் வைக்கிறாள் இல்லை. அவளோடு இன்னும் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.