ஒரு மூட்டைத் துணி

2013 அக்டோபரில் எங்கள் சந்திரகிரி இருண்டு கிடந்தது. தெலங்கானாவைத் தனி மாநிலமாக்க ஜூலை 30 அன்று காங்கிரஸ் செயற்குழு முடிவெடுத்த நாள்முதல் சித்தூரும் திருப்பதியும் கொதித்துக்கொண்டிருந்தன. ஆகஸ்ட் நடுவில் பஸ்கள் நின்றன. அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. கடைசியில் மின் ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்க, மணிக்கணக்கில் கரண்ட் போனது.

தெருமுனையில் கொடும்பாவி எரியும்போது நானும் போய் நின்றிருக்கிறேன். ‘ஜை சமைக்கியாந்திரா’, ஒன்றுபட்ட ஆந்திரா வாழ்க, என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். மாநிலம் பிளந்தால் ராயலசீமைக்குத் தண்ணீர் வராது, பிள்ளைகளுக்கு ஐதராபாத்தில் வேலை கிடைக்காது என்று உண்மையாகவே பயந்தேன். சித்தூர்த் தமிழர்களுக்கு எல்லை மாறும் வலி பழகியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தபோது, என் அம்மா பிறந்த வீடு ஒரே நாளில் வெளி மாநிலமாகிப்போனது.

எங்கள் தெருவில் தெலங்கானாவின் வாரங்கல் பக்கத்துக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. கணவன், மனைவி, ஆறு வயதுப் பையன். அந்தப் பெண் என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். பையன் என் திண்ணையில் உட்கார்ந்து பலகையில் எழுதிப் பழகியவன். ஆகஸ்டுக்குப் பிறகு அவர்கள் கதவு பெரும்பாலும் சாத்தியே இருந்தது. ஒருநாள் ஜன்னலில் கல் விழுந்தது. எறிந்தது யாரென்று தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்த இருட்டு ராத்திரிகளில் ஒன்றில் ஏழெட்டு இளைஞர்கள் டார்ச் லைட்டோடு வந்தார்கள். வெளியூர்ப் பையன்கள். என் கேட்டைத் தட்டி, ‘வாள்ள இல்லு ஏதி, டீச்சரம்மா?’ என்றார்கள். அவர்கள் வீடு எது என்று கேட்கிறார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் என் பார்வை அந்த வீட்டுப் பக்கம் போய்விட்டது.

எதிரில் வேப்பமரத்தடியில் இஸ்திரிக்காரர் வண்டியோடு நின்றிருந்தார். தெருவெல்லாம் இருட்டு, அவருடைய பெட்டியில் மட்டும் கரி கனன்றுகொண்டிருந்தது. அவர் குரல் கொடுத்தார். “அவுங்க போன வாரமே ஊருக்குப் போயிட்டாங்கப்பா. இதோ பாரு, துணி வாங்க ஆளில்லாம கெடக்குது.” வண்டிக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துக் காட்டினார். வெள்ளைச் சட்டைகள், ஒரு சின்னக் கால்சட்டை. பையன்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு அந்தக் குடும்பம் ஆட்டோவில் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குக் கிளம்பியது. இஸ்திரி போட்டு மடித்த துணி அவள் மடியில் இருந்தது. “போயொஸ்தாம் அக்கா” என்றாள். போய்வருகிறோம் என்று சொன்னவர்கள் திரும்பி வரவில்லை.

வேலைநிறுத்தம் முடிந்த பிறகு ஸ்ரீவாரி மெட்டு வழியாகத் திருமலை ஏறினேன். சந்திரகிரியிலிருந்து ராஜாக்கள் ஏறிய பாதை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். 2,300-க்கு மேற்பட்ட படிகள். ஒவ்வொரு படியிலும் என் பார்வை போன அந்தத் திசைதான் நினைவில் வந்தது.

கோயிலின் மகாதுவாரத்துக்குள் நுழைந்ததும் கிருஷ்ணராயர் மண்டபம். கூட்டம் தள்ளுகிற வேகத்தில் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒரு பக்கம் செம்பில் வார்த்த கிருஷ்ணதேவராயர், இரு தேவியரோடு, உயர்ந்த குல்லாய் வைத்து, கைகூப்பியபடி. மறுபக்கம் கல்லில் அச்சுதராயரும் வரதாஜியம்மாவும். அருகே செம்பில் வேங்கடபதிராயர். வகுப்பில் பலமுறை நடத்திய வரலாறுதான். ஆனாலும் அன்றுதான் அது என்னைத் தைத்தது.

1509-இல் சாகக் கிடந்த விஜயநகர அரசர் வீரநரசிம்மராயர், தம் எட்டு வயது மகன் அரியணை ஏறவேண்டும் என்பதற்காக, போட்டிக்கு நிற்கக்கூடிய தம்பி கிருஷ்ணதேவராயரின் கண்களைப் பிடுங்கச் சொன்னாராம். மந்திரி சாளுவ திம்மரசு ஆட்டின் கண்களைக் கொண்டுவந்து காட்டித் தம்பியைக் காப்பாற்றினார் என்று போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிஸ் எழுதிவைத்திருக்கிறார். அரசரான கிருஷ்ணதேவராயர் அந்தச் சிறுவனையும் தம் சகோதரர்களையும் கொல்லவில்லை. எங்கள் சந்திரகிரிக் கோட்டையில் அடைத்துவைத்தார். பையன் சிறையிலேயே இறந்தான். சகோதரர்களில் ஒருவரான அச்சுதராயர் 1529-இல் வெளியே வந்து, இதே திருமலையில் முடிசூடிக்கொண்டார். அடைத்தவரும் அடைபட்டவரும் இன்று ஒரே மண்டபத்தில் கைகூப்பி நிற்கிறார்கள்.

மூன்றாமவர் கதை கொடியது. வேங்கடபதிராயர் 1614-இல் இறக்குமுன் அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை வாரிசாக அறிவித்தார். ராணியின் உறவினரான ஜக்கராயர் அதை ஏற்கவில்லை. வேறொரு பிள்ளையை ராயரின் மகன் என்று சொல்லி அரியணையில் வைத்து, ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு வேலூரில் சிறைவைத்தார். வெலுகோட்டி யாச்சம நாயக்கர் அவர்களை மீட்கப் பாடுபட்டார். கோட்டைக்குத் துணி எடுக்க வந்துபோன ஒரு சலவைத் தொழிலாளி, ஸ்ரீரங்கரின் மகன் ராமனை அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்துச் சுமந்து வெளியேற்றினார். ஆத்திரமடைந்த ஜக்கராயர் தரப்பு, ‘நீயே முடித்துக்கொள், இல்லையேல் நாங்கள் முடிப்போம்’ என்று ஸ்ரீரங்கரை நெருக்கியது. அவர் தம் குடும்பத்தைத் தம் கையாலேயே கொன்று, தாமும் மாண்டார். பாதிரியார் பர்ராதாஸ் 1616-இல் எழுதிய கடிதம் இதையெல்லாம் சொல்கிறது.

அந்தக் கொலை ராஜ்யத்தையே இரண்டாக்கியது. மதுரையும் செஞ்சியும் ஜக்கராயர் பக்கம், தஞ்சை ரகுநாத நாயக்கர் யாச்சமர் பக்கம். கல்லணைக்கு அருகே தோப்பூரில் மோதினார்கள். ஜக்கராயர் அங்கே செத்தார். மூட்டைக்குள் தப்பிய ராமதேவர் ராயரானார். ஆனால் பழைய விஜயநகர வலிமை அதன்பின் திரும்பவே இல்லை.

போட்டிக்கு நிற்பவனை ஒழித்துவிடு என்று மேலிருந்து கட்டளை வரும். அதை நிறைவேற்ற ஒரு கை வேண்டும். வீட்டைக் காட்ட ஒரு கண் வேண்டும். திம்மரசு கை கொடுக்கவில்லை. துணி சுமந்தவர் உயிரையே பணயம் வைத்தார். அவர் பெயர் எந்த மண்டபத்திலும் இல்லை.

மலையிலிருந்து இறங்கி வந்து இஸ்திரிக்காரரிடம், “அன்னைக்கு உங்களுக்குப் பயமா இல்லையா அண்ணா?” என்று கேட்டேன். “துணி போடற வீடு, டீச்சரம்மா” என்றார். வேறெதுவும் சொல்லாமல் கரியை ஊதிவிட்டு, அடுத்த சட்டையை விரித்தார்.

அன்று என் கண் போன திசையை அவர் பார்த்தாரா என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.