வாசலுக்கு ஒரு தெம்பூசு

ஸ்கூடாய் பக்கத்து நர்சரிக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது சட்டிக்குள் குறுகி நின்ற சீன எல்ம். போன்சாய். விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்தேன். தமிழ்நாட்டு ஆயா மரமும் எல்ம் குடும்பம்தான். ஆனால் இலையைக் கசக்கினால் வரும் வாடை இருக்கிறதே, சந்நிதிக்கு ஆகாது.

எங்கள் தாமான் கோயில் வாசலில் நின்ற மரத்தைச் சுமத்ரா காற்று சாய்த்துவிட்டது. விடியலுக்கு முன் திடுமென வந்து அடிக்குமே, அந்தக் காற்று. அந்த இடத்துக்கு இந்த மண்ணின் மரமாகவே ஒன்று வேண்டும்.

“அங்சானா எடுங்க அண்ணே. பெரிய கிளையை வெட்டி நட்டாலே துளிர்க்கும்” என்றார் கடைக்காரத் தம்பி.

அங்சானா நம் வேங்கைக்குப் பங்காளி; மஞ்சள் பூ கொட்டும் அழகு. ஆனால் அதற்கு ஒரு வாடல் நோய் உண்டு. துளைக்கும் வண்டு பூஞ்சையைச் சுமந்து வரும். மின்னல் பட்டு நலிந்த மரமென்றால் முதலில் அங்கேதான் இறங்கும். போன நூற்றாண்டில் ஐரோப்பாவின் எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் காயவைத்ததும் இதே போன்ற வண்டு-பூஞ்சைக் கூட்டணிதான். வேண்டாம் என்றேன்.

அடுத்து ஹுஜான்-ஹுஜான் மரம். ஊரெல்லாம் குடை விரித்து உள்ளூர்க்காரன் போல நிற்கிறது. பூர்வீகமோ அமெரிக்கக் கண்டம். புன்னை மனதை இழுத்தது. உப்புக்காற்றையே தாங்குகிற மரம். ஆனால் கோலிக்குண்டு போன்ற காய்கள் வாசலெங்கும் உருண்டால் பாட்டிமார் கதி?

கடைசி வரிசையில், தூசி படிந்து இடுப்பளவு உயரத்தில் நின்றது தெம்பூசு. சிங்கப்பூர் ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் மரம். அந்த மரம், 1859இல் உருவான சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருப்பது; பூங்காவைவிட மூத்தது, இன்றும் நிற்கிறது. சத்தில்லாத மண்ணிலும் பிழைக்கும். கட்டை கறையானுக்கு எளிதில் மசியாது. பூ வெளிர்மஞ்சள்; மாலைப் பூசை நேரத்தில்தான் மணம் தூக்கும். பழத்துக்கு வௌவால் வரும், வரட்டும்.

“மெதுவாத்தான் வளரும், யாரும் கேக்கறதில்ல” என்று தயங்கினார் தம்பி. அவசரமாக வளர்ந்ததைத்தானே காற்று சாய்த்தது! ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

“லோங்காங் ஓரமா வச்சிடாதீங்க அண்ணே. நல்லா பெருத்துரும்.”

கோயிலில் காலடி போட்டு அளந்து பார்த்தேன். தோதான இடம் ஒன்றே ஒன்று. அங்கேதான் கமிட்டித் தலைவர் கார் நிறுத்துகிறார்.