கண்ணாடி கழற்றிய இரவு

கல்லூரி அன்னையின் ஆய்வுகூடத்தில் எமது பௌதிக ஆசிரியர், "தொடுமுன் பார்; பார்த்ததை எழுது" என்பார். அவ்வுரையை மறந்து யான் பட்ட பாட்டினை இம்மலரிலே இளைய மாணவர்க்கு உரைத்தல் தகும்.

2012ஆம் ஆண்டில், லினக்ஸ் கொண்டியங்கிய வழங்கிக் கணினியொன்று என் பொறுப்பில் இருந்தது. அதனுள் இரு வன்தட்டுகள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் ஒருங்கே எழுதப்படும். ஒன்று மற்றதன் கண்ணாடி. முதற்றட்டுப் பழுதுறவே, கண்ணாடி அமைப்பை நீக்கி, அத்தட்டையும் கழற்றினேன். மீண்டும் இயக்கியபோது கணினி எழவில்லை. மறுநாட் காலை ஊழியர் நூற்றுவரின் சம்பளம் அதிலிருந்தே கணிக்கப்படல் வேண்டும். தனிப் பிரதியும் எடுத்து வைத்திலேன்.

எஞ்சிய தட்டை அழித்து யாவற்றையும் புதிதாக நிறுவக் கை விரைந்தது. அப்பொழுது ஆசிரியர் குரல் செவியில் ஒலித்தது. நினைவுக்கோல் ஒன்றினால் கணினியை எழுப்பி, தட்டினை வாசிப்பதற்கு மட்டும் திறந்தேன். கோப்புகள் யாவும் நலமே இருந்தன! கண்ணாடி அமைப்பின் குறிப்பு, தட்டின் பகுதி இறுதியில் எழுதப்பட்டிருந்தமையால் முற்பகுதி சிதையவில்லை.

பிழைகள் இரண்டு. கணினியை எழுப்பும் கிரப் என்னும் நிரல் கழற்றிய தட்டில் மட்டுமே இருந்தது. இணைப்புப் பட்டியலோ, இல்லாதொழிந்த கண்ணாடியின் பெயரையே சுட்டிற்று. பட்டியலில் எஞ்சிய தட்டின் அடையாளக் குறியை இட்டு, தொடக்க நினைவுப் படிமத்தைப் புதுக்கி, கிரப்பை அத்தட்டில் எழுதினேன். விடியுமுன் கணினி எழுந்தது.

கண்ணாடி பிரதியாகாது, நம் தவற்றையும் அது உடனே இரட்டிக்கும். அன்று காலை மேலதிகாரியிடம் என் பிழையை மறையாது கூறினேன். அதுவும் அன்னை கற்பித்ததே.