ஸ்க்ரூவில் கை வைக்காத மெக்கானிக்

கேத்தி பாலாடாவில் கேரட் வேலை ராத்திரியில்தான். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் தோட்டத்தில் இறங்குகிறார்கள். கழுவும் மெஷினில் சேறு போன கேரட் மூட்டைகளாகி, லாரியேறி, குன்னூர் தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, காலையில் மேட்டுப்பாளையம் மண்டியில் இருக்க வேண்டும். பிந்தி வந்த மூட்டைக்கு விலை கிடையாது. அதனால் ஜனவரி உறைபனியில் அடம்பிடிக்கும் லாரி என்றால் ஓனர் முதல் லோடுமேன் வரை எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும்.

நான் பார்க்கப் போன வண்டி ரோட்டரி பம்ப் பொருத்திய பழைய மினி லாரி. செல்ஃப் அடித்தால் பிடிக்கும், குலுங்கும், வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு அணையும். "காலை எடுத்தா ஆஃப் ஆயிருதுங்கண்ணா. பத்து நிமிஷம் ஆக்சிலேட்டர் மேலயே நிக்கணும்" என்றார் டிரைவர். சூடேறிவிட்டால் ஒரு குறையும் இல்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருந்த பம்ப் மெக்கானிக்குக்கு வயது அறுபதை ஒட்டியிருக்கும். முந்தைய நாள் சாயங்காலமே மலையேறி வந்துவிட்டார். காலையில் தான் வரும்வரை யாரும் சாவியைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் படுத்தார். "சூடா இருக்கற இன்ஜின் பொய் சொல்லுமுங்க" என்பது அவர் கட்சி.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தில் காற்று சூடேறி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டர் சுவரோ சில்லென்று இருக்கிறது, ஆயில் கெட்டியாக இருக்கிறது. மெதுவாகச் சுற்றினால் அழுத்திய காற்று ரிங் இடுக்கில் கசியும், இருக்கிற சூட்டையும் சுவர் வாங்கிக்கொள்ளும். எரியாமல் ஆவியாக வெளியேறும் டீசல்தான் அந்த வெள்ளைப் புகை. இதற்காகத்தான் குளிரில் இன்ஜினை வழக்கமான ஐடிலுக்கு மேல் கொஞ்ச நேரம் ஓடவிடும் ஃபாஸ்ட் ஐடில். இந்த லாரியில் அந்த வேலையைச் செய்வது மெழுகு அடைத்த ஒரு சின்னக் குப்பி. இன்ஜின் தண்ணீர் சூடேற, மெழுகு விரிந்து பின்னைத் தள்ளும். அதுவரை இறுக்கமாக இருந்த கேபிள் தளரும். பம்பின் லீவர் பழைய இடத்துக்குத் திரும்பும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து ஏற்பாடு. எனக்கு இதில் ஒரு தனிப் பிரியம் உண்டு.

மெக்கானிக் முதலில் பேட்டரியில் மீட்டர் வைத்தார். செல்ஃப் சுற்றும்போதும் வோல்டேஜ் தாங்கியது. அடுத்து, பம்புக்கு டீசல் வரும் லைனில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றைச் செருகி, டார்ச் அடித்துப் பார்த்தார். குமிழி வந்தால் எங்கோ ஏர் இழுக்கிறது என்று அர்த்தம். வரவில்லை. பம்ப் ஓரம் குனிந்தவர், கரியும் கிரீஸும் அப்பிய இடத்தைத் துணியால் துடைத்தார். கேபிள் லீவரிலிருந்து கழற்றப்பட்டு, கட்டுக்கம்பியால் ஒதுக்கிக் கட்டப்பட்டிருந்தது. யாரோ வேண்டுமென்றே செய்த வேலை.

கேபிளை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் வண்டி கால் வைக்காமலே நின்று ஓடியது. கிராங்க் புல்லியில் ஸ்டிக்கர் ஒட்டி டாக்கோமீட்டரைக் காட்டினார்: நிமிடத்துக்கு 1,100 சுற்று. டிரைவர் கிளம்பத் தயாரானார், அவர் விடவில்லை. அரை மணி ஆகியும் வேகம் இறங்கவில்லை. ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்து, என் கையையும் இழுத்து வைத்தார். தெர்மோஸ்டாட் வால்வ் இருந்தால் அந்த ஹோஸ் முதலில் குளிர்ந்தே கிடந்து, வால்வ் திறந்ததும் சட்டென்று சுடும். இது தொடக்கத்திலிருந்தே வெதுவெதுவென்று இருந்தது. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் குப்பியைக் கழற்றி, டீக்கடை வெந்நீரில் போட்டார். பின் ஒழுங்காக வெளியே வந்தது. பிறகு தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்தார். உள்ளே வால்வே இல்லை.

கதை புரிந்துவிட்டது. எப்போதோ மலையேற்றத்தில் இன்ஜின் சூடாகும் என்று பயந்து ஒருவர் வால்வைக் கழற்றியிருக்கிறார். இது நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் பரவலான வைத்தியம். ரேடியேட்டர் அடைப்பை எடுக்கச் சோம்பல்படுகிறவர்களின் வைத்தியம் என்பேன். வால்வ் போனதால் தண்ணீர் சூடேறவில்லை, மெழுகு விரியவில்லை, ஐடில் இறங்கவில்லை. டீசல் குடிக்கிறது என்று அடுத்த ஆள் கேபிளைக் கழற்றியிருக்கிறார். மூன்றாவதாக ஒருவர் வந்திருந்தால் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றியிருப்பார். அது குளிரில் சரியாகத் தெரியும். சூடான பிறகு வேகம் எகிறி நிற்கும். கொண்டை ஊசி வளைவில் காலை எடுத்தாலும் லோடு வண்டி முன்னே தள்ளும்.

மெக்கானிக் அந்த ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. பம்பைக் கழற்றி பெஞ்சில் ஏற்றி கலிப்ரேஷன் என்று பில் போடவும் இல்லை. போட்டிருந்தால் ஓனர் கொடுத்திருப்பார். ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய வைத்து, புது வால்வ் மாட்டினார். மறுநாள் விடியலில் வண்டி 1,100-ல் எழுந்து, சூடேறச் சூடேறத் தானாக இறங்கியது. மீட்டரை எடுக்கும் முன்பே காதைச் சாய்த்து "எழுநூறு இருக்குமுங்க" என்றார். மீட்டர் 690 காட்டியது.

"கத்துக்கப் பசங்க வர்றாங்களா?" என்று கேட்டேன். "எல்லாம் லேப்டாப் மாட்டற வண்டிக்குப் போறாங்க" என்றார். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் புது டீசல் லாரிகளில் ஐடில் வேகத்தை ஈசியு என்ற கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. பையன்களைக் குறை சொல்ல முடியாது.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: குளிரில் நின்று ஓடவில்லையென்றால் ஐடில் ஸ்க்ரூவுக்கு ஸ்பேனர் எடுக்காதீர்கள். கேபிள் மாட்டியிருக்கிறதா, தெர்மோஸ்டாட் வால்வ் உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வால்வ் சில நூறு ரூபாய்ச் சாமான்தான்.