இரும்பின் பழைய தோல்

பழைய துப்பாக்கிக் குழலுக்கு மறுபடி கருமை ஏற்றப் பல வழிகள் உண்டு. என்னைக் கட்டிப்போட்டது ஒரு பழைய வழிதான். அதில் முதல் வேலையே இரும்பை வேண்டுமென்று துருப்பிடிக்க விடுவது. எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் குழலைத் துடைத்து, விரல் படாமல் பிடித்து, அமிலம் கலந்த மருந்தை மெல்லியதாகத் தடவி, ஈரம் நிறைந்த பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். சில மணி நேரத்தில் குழல் முழுக்கச் செம்பழுப்பாகத் துரு பூத்துவிடும். அதை அப்படியே கொதிக்கும் சுத்தமான தண்ணீரில் இறக்குவார்கள். சிவப்பு கறுப்பாக மாறிவிடும்.

சிவப்புத் துரு செதில் செதிலாக உதிரும்; அடியில் இருக்கும் இரும்பையும் அரித்துக்கொண்டே போகும். கொதிநீர் அதை மேக்னடைட் ஆக்குகிறது. கறுப்பான இந்த ஆக்சைடு இரும்பை விடாமல் பற்றிக்கொள்ளும். மேலே நிற்கும் பொடியை மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்துவிட்டு, மறுபடி மருந்து, மறுபடி துரு, மறுபடி கொதிநீர். நிறம் ஆழமாகும்வரை இதே சுற்றுதான்.

மேக்னடைட் என்ற பெயரைப் படித்ததும் என் மனம் சேலத்துக்குப் போய்விட்டது. அங்கே கஞ்சமலையின் இரும்புக்கல்லில் இருப்பதும் மேக்னடைட்தான். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் இழுக்கும். அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக மண் உலை கட்டி, மரக்கரி போட்டு, துருத்தி ஊதி இரும்பு எடுத்தார்கள். 1830களில் ஆங்கிலேயர் ஜோசையா ஹீத் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கியபோதும் சேலத்துக் கல்லைத்தான் நம்பினார். உலை சிறிதோ பெரிதோ, உள்ளே நடப்பது ஒன்றே: கல்லில் இருக்கும் ஆக்சிஜனைக் கரி பிடுங்கிக்கொள்கிறது, இரும்பு மிஞ்சுகிறது.

அவ்வளவு வியர்வை சிந்திப் பிரித்த ஆக்சிஜனைத் துப்பாக்கித் தொழிலாளி குழலின் மேற்பரப்புக்கு மட்டும், அளவாக, திருப்பிக் கொடுக்கிறார். கஞ்சமலைக் கல்லின் தோல் மறுபடி இரும்பின்மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரும்பு எப்படியும் துருவாகத்தான் போகும். எந்தத் துருவாகப் போகவேண்டும் என்பதை மட்டும் மனிதர் தீர்மானிக்கலாம் என்று கண்டுகொண்டவரை நான் வணங்குகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் மஸ்கட்டுகள் பலவற்றுக்கு இந்தத் தோல் கிடையாது. வீட்டுப் பித்தளைக் குடம்போல் அவற்றைத் தேய்த்துத் தேய்த்தே பளபளக்க வைத்திருந்தார்கள்.

போர்க்காலத்துக்கு இவ்வளவு பொறுமை கட்டுபடியாகாது. 1906இல் இங்கிலாந்தில் தாமஸ் காஸ்லெட் பாஸ்பாரிக் அமிலத்தைக் கொண்டு இரும்பைக் காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் அது வளர்ந்து, இரும்பைத் தொட்டியில் முக்கியெடுக்கும் பார்க்கரைசிங் ஆனது. இரண்டாம் உலகப் போரின் காராண்ட் ரைஃபிள்களுக்குச் சாம்பல் நிறம் வந்தது அதனால்தான். அந்தப் பாஸ்பேட் படலம் நுண்துளைகள் நிறைந்தது. எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். டெல்லி குதுப் வளாகத்து இரும்புத் தூண் குப்தர் காலத்திலிருந்து வெயிலிலும் மழையிலும் நிற்பதற்கும் பாஸ்பேட் படலம்தான் காரணம் என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். பழைய உலையிலிருந்து வந்த இரும்பில் பாஸ்பரஸ் கூடுதலாக இருந்தது. தொட்டியில் முக்க ஆளில்லாமலே தூண் தனக்கு வேண்டிய கவசத்தைச் செய்துகொண்டது.

கல்கத்தாவுக்கு வடக்கே இருக்கும் இஷாபூர் தொழிற்சாலையின் ரைஃபிள்களுக்கும் ஒரு தோல் உண்டு. நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீக்களில் பலவும், 1960களில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்த 2ஏ1 ரைஃபிள்களும் அங்கே பிறந்தவை. அவற்றில் பலவற்றுக்குக் கறுப்புப் பெயின்ட் பூசியிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் சிலர் அதைச் சுரண்டி எறிந்து, சுழலும் மெருகுச் சக்கரத்தில் இரும்பைக் காட்டி, கண்ணாடியாகப் பளபளக்கும் நீலக்கருமை ஏற்றுகிறார்கள். சக்கரம் பட்டால் விளிம்புகள் மழுங்கும், திருகுத் துளைகளின் வாய் அகலும், மகுடமும் ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ. எழுத்தும், குடியரசுக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த அசோகச் சிங்கமும் தேய்ந்து போகும். வங்காள மழையையும் எல்லைப் பனியையும் நினைத்துப் பூசிய பூச்சு அந்தக் கறுப்பு. பெயர்ந்த இடத்தில் துருவை நிறுத்தி, அதே கறுப்பைத் தொட்டு வைத்தால் போதும். மிச்சத்தில் கைவைக்க வேண்டாம்.