பீரோவின் கீழ்த்தட்டு

உங்கள் வீட்டு பீரோவில் கீழ்த்தட்டு என்று ஒன்று இருக்கும். திறந்து பாருங்கள். பட்டன் போன சட்டை. தொப்பை வந்ததால் ஓய்வு பெற்ற பேன்ட். யாரோ விசேஷத்தில் வைத்துக் கொடுத்த, நிறம் பிடிக்காத சேலை. பையன் பள்ளிக்கூடம் மாறியதால் வேலையிழந்த யூனிஃபார்ம். ‘யாருக்காவது கொடுக்கலாம்’ என்று சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்காக அங்கே குடியிருக்கும்.

யார் அந்த ‘யாருக்காவது’? சாதாரண நாட்களில் அவருக்கு முகம் கிடையாது. எங்கேயாவது புயல் அடிக்க வேண்டும், ஆறு கரை உடைக்க வேண்டும். அப்போதுதான் டி.வி.யில் முகம் தெரியும். நமக்கும் மனசு உருகும். உருகின கையோடு பீரோவும் காலியாகும்.

கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த உருக்கம் பொய்யில்லை. ஆனால், அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கொஞ்சம் பின்னாலேயே போய்ப் பார்க்கலாமா?

2004 டிசம்பர் 26. சுனாமி. நாடு முழுக்க இருந்து லாரி லாரியாக நாகப்பட்டினத்துக்குப் பொருள் வந்து இறங்கியது. அரிசி வந்தது, பாத்திரம் வந்தது, மருந்து வந்தது. எல்லாவற்றையும் விட அதிகமாகப் பழந்துணி வந்தது. சாலையோரத்தில் மலை மலையாகக் கிடந்தது, மழையில் நனைந்தது, ஆடு மாடு மிதித்தது. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. ‘எல்லாம் போன பிறகும் திமிர் போகலை பாரு!’ என்று அப்போது பேசியவர்கள் உண்டு. நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

திமிரா அது? முந்தின நாள் ராத்திரி வரை சொந்த வலை, சொந்தப் படகு என்று கடலில் உழைத்துச் சாப்பிட்ட மனுஷர். ஒருத்தர் முன்னால் கை நீட்டிப் பழக்கமில்லாதவர். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற அவரிடம், முன்பின் தெரியாத ஒருத்தர் வியர்வை வாசனையோடு இருக்கிற சட்டையை நீட்டினால், அவர் வேறென்ன செய்வார்?

அப்படி ஒதுங்கிக் கிடந்த துணிகளைத் தரம் பிரித்து உருப்படியாக்க ஒரு கூட்டம் இறங்கியது. 1999-ல் டெல்லியில் அன்ஷு குப்தா ஆரம்பித்த ‘கூஞ்ச்’ அமைப்பு. நல்லது தனி, கிழிசல் தனி என்று பிரித்தார்கள். உடுத்த முடியாததை வெட்டி, தைத்து, வேறு உபயோகப் பொருளாக மாற்றினார்கள். பின்னாளில், 2015-ல், குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது விருதை அல்ல. கொடுத்தவர்கள் ஒரு நிமிஷத்தில் தூக்கிப் போட்டதைத் தரம் பிரிக்க, எத்தனை பேர் எத்தனை நாள் குனிந்து நிற்க வேண்டியிருந்தது என்பதைத்தான்!

நான் ராஜபாளையத்துக்காரன். பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்பதா, வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கோபுரம் தெரிந்துவிடும். அந்த ஊர்க்காரர் ஒருத்தரிடம் இந்தப் பழந்துணி விவகாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘போட்டதைக் குடுக்கறது தப்புங்கிறீங்களா? எங்க ஊருக்குப் பேரே அதனாலதாங்க!’ என்றார்.

மடக்கிவிட்டார். ஆண்டாள் கதை உங்களுக்குத் தெரியும்தான். அப்பா பெருமாளுக்குக் கட்டி வைத்த மாலையை மகள் எடுத்துத் தான் சூடிக்கொள்வாள். கிணற்றில் குனிந்து அழகு பார்ப்பாள். பிறகு கழற்றி வைத்துவிடுவாள். கோயிலில் இன்றைக்கும் ‘கண்ணாடிக் கிணறு’ என்று காட்டுகிறார்கள். அப்பா பதறிப்போய்ப் புது மாலை கட்டிக்கொண்டு போனால், பெருமாள் அந்தப் பழைய மாலைதான் வேண்டும் என்கிறார். இன்றும் புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் மதுரைக்கு வரும் கள்ளழகருக்கும் ஆண்டாள் சூடிய மாலை போகிறது. ஒருத்தி போட்டுக் கழற்றியதற்காக ஊரே மேளம் வைத்து வழியனுப்புகிறது.

அவர் கேட்டதற்கு அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் வந்தது (நல்ல பதில்கள் எல்லாம் பஸ் கிளம்பிய பிறகுதான் வரும்). அவள் மாலையை வாடிய பிறகா கொடுத்தாள்? தனக்கு எது அழகாக இருந்ததோ, எதைக் கழற்ற மனசில்லாமல் இருந்ததோ அதைக் கொடுத்தாள். நம் கீழ்த்தட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா?

எங்கள் ஊரிலும் ஒருத்தர் இருந்தார். பி.எஸ்.குமாரசாமி ராஜா. 1949-லிருந்து 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. 1952 தேர்தலில் தோற்றார், பிறகு ஒரிசாவுக்கு கவர்னராகப் போனார். அதெல்லாம் பாடப் புத்தகச் சமாசாரம். ராஜபாளையத்தில் ‘காந்தி கலை மன்றம்’ என்று ஒரு கட்டடம் இருக்கிறது. அது அவருடைய வீடு. பொது உபயோகத்துக்கு என்று கொடுத்துவிட்டார். ஊருக்கு வெளியே கிடந்த கரட்டுக் காட்டைக் கொடுக்கவில்லை, வீட்டைக் கொடுத்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு பீரோ ஞாபகம் வரும்.

சரி, நேரடியாகப் பார்த்ததைச் சொல்கிறேன்.

2018 ஆகஸ்ட். கேரளாவில் வெள்ளம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முகாம்களில். எங்கள் ஊர் வழியாகப் போகிற ரோடுதான் தென்காசி, செங்கோட்டை தாண்டிக் கொல்லம் போகிறது. அடுத்த வீட்டில் தீப்பிடித்த மாதிரி இருந்தது எங்களுக்கு. ஒரு கல்யாண மண்டபத்தைச் சும்மா கொடுத்தார்கள். பொருள் சேர்க்க ஆரம்பித்தோம். கூட்டத்துக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. ஆனால், எல்லாரும் ஹார்டுவேர் கடை அண்ணாச்சி முகத்தைத்தான் பார்ப்போம்.

முதல் நாள் சாயங்காலத்துக்குள் மண்டபத்தில் பாதி நிறைந்துவிட்டது. எதனால் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரின் அத்தனை கீழ்த்தட்டுகளும் வந்து சேர்ந்திருந்தன. ஒரு மூட்டையில் கிழிந்த பள்ளிக்கூட பெல்ட்டும், ஒற்றைக் கால் ஷூவும்கூட இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு தம்பிகள் பைக்கில் வந்து, பால்கோவா டின் இறக்கினார்கள். ‘ஏம்ப்பா, இது லாரியில போய்ச் சேர்றதுக்குள்ள புளிச்சிருமே’ என்று அண்ணாச்சி கவலைப்பட்டார். கவலைப்பட்டுக்கொண்டே மூட்டை தூக்கிய எல்லாருக்கும் பங்கு வைத்தார். வெள்ள நிவாரணத்தில் எனக்குக் கிடைத்த பங்கு அது!

அண்ணாச்சி பிறகு செய்ததுதான் விஷயம். செங்கன்னூர் பக்கம் ஒரு முகாமைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் ஒருவரின் நம்பரை எப்படியோ பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். ‘அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?’

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் போல. அப்புறம் மலையாளமும் தமிழும் கலந்து மெதுவாக ஒரு லிஸ்ட் வந்தது. பிளீச்சிங் பவுடர். ஃபினாயில். துடைப்பம், மண் அள்ளும் தட்டு, கையுறை. நாப்கின். பெண்களுக்கு உள்ளாடை, சைஸ் வாரியாக. நைட்டி. எல்லாம் புதுசு. கட்டுப்போடுகிற துணி. ‘பழைய துணி வேண்டாம், ப்ளீஸ். வைக்க இடமில்லை.’

அண்ணாச்சி உள்ளாடை சைஸ்களைத் தன் கடை பில் புக்கின் பின்பக்கத்தில் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். போல்ட்டு நட்டு சைஸ் எழுதிய கை! மறுநாள் ஜவுளிக் கடையில் போய் அதை வாசித்துக் காட்டியதும் அவர்தான். இளவட்டங்கள் யாரும் முன்வரவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகுதான் வெள்ளத்தின் நிஜமான வேலை ஆரம்பிக்கிறது. வீட்டுக்குள் முழங்கால் சேறு. பாம்பு. கிணற்றில் சாக்கடை. எலிக்காய்ச்சல் பயம். சுத்தம் செய்யப் போகிறவர்கள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று கேரள சுகாதாரத் துறை சொல்லிக்கொண்டே இருந்தது. எங்கள் லாரியோடு எலெக்ட்ரீஷியன்கள், பிளம்பர்கள் என ஒன்பது பேர் போனார்கள். நாலு நாள் சம்பளம் போனது. வந்து படுத்தவர்களில் இரண்டு பேருக்குக் காலெல்லாம் சேற்றுப்புண். அவர்களை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

‘என்ன வேணும்?’ என்று கேட்பது பெரிய கண்டுபிடிப்பா என்று நீங்கள் கேட்கலாம். செஞ்சிலுவைச் சங்கம் பிறந்த கதையிலேயே அது இருக்கிறது. 1859 ஜூன். இத்தாலியில் சோல்ஃபெரினோ யுத்தம். ஒரே நாளில் இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 40,000 பேர். ஹென்றி டூனான்ட் என்கிற 31 வயது சுவிஸ்காரர், தன் வியாபார விஷயமாகப் பிரெஞ்சுச் சக்கரவர்த்தியைப் பார்க்க அந்தப் பக்கம் வந்தவர். பக்கத்து ஊர் காஸ்டிக்லியோனேயில் சர்ச் முழுக்க ரத்தம். உள்ளூர்ப் பெண்கள் எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பார்க்காமல் தண்ணீர் கொடுத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டூனான்ட் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

அவர் தன் வண்டிக்காரரைப் பக்கத்து நகரத்துக்கு அனுப்பி வாங்கி வரச் செய்த சாமான்களைக் கேளுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, சர்க்கரை, சட்டை, பஞ்சு, கட்டுத் துணி, குண்டூசி. அப்புறம் சுருட்டும் புகையிலையும்! இன்றைக்கு யாராவது நிவாரண லாரியில் சுருட்டு ஏற்றினால் சும்மா விடுவார்களா? ஆனால், மயக்க மருந்து சரியாகக் கிடைக்காமல் கால் வெட்டுப்படுகிற சிப்பாய்க்கு அந்த நேரத்தில் அதுதான் ஆறுதல். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு மட்டும்தான் அது தெரியும்.

1862-ல் அவர் எழுதிய புத்தகத்திலிருந்துதான் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. முதல் சில நாட்களுக்குப் பிறகு தொண்டர்கள் சோர்ந்துவிடுவதைப் பார்த்திருந்தார். அதனால் யுத்தம் இல்லாத காலத்திலேயே ஆட்களைப் பழக்கி வைக்க வேண்டும் என்றார். 1901-ல் முதல் நோபல் அமைதிப் பரிசு அவருக்கும் ஃப்ரெடெரிக் பாஸிக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் காயத்துக்கு வைக்கும் பஞ்சு எது தெரியுமா? வீட்டுப் பெண்கள் பழைய லினன் துணியை நூல் நூலாகப் பிரித்து அனுப்புவார்கள். அத்தனையும் நல்ல மனசு. அந்தப் பழந்துணியோடு கிருமியும் புண்ணுக்குள் போனது. சுத்தமான மருத்துவத் துணி வந்தது பிற்பாடுதான்.

அந்தத் துணிக்கு இன்றைக்கு விலாசம் கேட்டால், எங்கள் ஊரிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிற சத்திரப்பட்டியைச் சொல்லலாம். தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். நெய்வது பேண்டேஜ் துணி, வலை மாதிரி இடைவெளி விட்ட காஸ் துணி. தறியிலிருந்து வரும்போது அது தண்ணீர் குடிக்காது. பஞ்சில் இருக்கிற மெழுகும் நூலுக்குப் போட்ட கஞ்சியும் விடாது. வேகவைத்து, வெளுத்த பிறகு ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் பத்து விநாடிக்குள் மூழ்க வேண்டும். மிதந்தால் அது மருத்துவத் துணியில்லை. மூழ்கினால்தான் ரத்தத்தை உறிஞ்சும்.

இங்கே நெய்தது கப்பலேறி வெளிநாடுகளுக்கும் போகிறது. எந்த நாட்டில், யார் காயத்தில் போய் உட்காருகிறது என்று நெய்தவருக்குத் தெரியாது. சேவை என்று அவர் அதைச் சொல்லிக்கொள்வதும் இல்லை, கூலிக்குச் செய்கிற வேலை. அந்தக் கூலி போதாமல் அவ்வப்போது தறிகள் நிற்கும், ஸ்ட்ரைக் நடக்கும். உள்பக்கத்தில் சின்னச் செய்தியாக வரும், பார்த்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் லாரி கிளம்புகிற அன்று காலை, டீச்சர் கேட்ட கட்டுத் துணி அங்கிருந்துதான் வந்தது. நாங்கள் வசூல் பணத்தில் வாங்கியது. பண்டலோடு ஆட்டோவில் ஒரு அக்காவும் வந்து இறங்கினார். தறி ஓட்டுகிறவர். கையில் ஜவுளிக் கடை கவர்.

‘சேலை, தம்பி. ஆடித் தள்ளுபடியில எடுத்தது.’

வாசலில் செக் பண்ணிக்கொண்டிருந்த காலேஜ் பையன் பிரித்தான். மடிப்பு கலைந்திருந்தது. மூன்று நாளாகப் பழந்துணியைத் திருப்பி அனுப்பி அனுப்பி அவன் கறாராகியிருந்தான்.

‘அக்கா, கட்டினதா இது?’

அந்த அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ‘கட்டலப்பா. வாங்கியாந்த அன்னிக்கு ஒரு தடவ மேல போட்டுப் பாத்தேன். அம்புட்டுத்தான்.’

பையன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி கவரை வாங்கினார். சேலையைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பில் புக்கைத் திறந்தார்.

‘எழுதிக்கோடா... சேலை ஒண்ணு. புதுசு.’