ஓருடலில் இரு பிணிகள்

உடலைக் காக்கவென அமைந்த நிர்ப்பீடனத் தொகுதி உடலையே பகைக்குமாயின், அப்பகை ஓர் உறுப்போடு நின்றுவிடும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. கிராமப் பாடசாலை ஆசிரியை ஒருவரை அது முதலில் கேடயச் சுரப்பியில் தாக்கியது. மெலிவு, கைநடுக்கம், ஓயாத நெஞ்சுப் படபடப்பு; கிரேவ்ஸ் நோய் என்றனர். சில மாதங்களில் வேறொன்றும் தலைகாட்டிற்று. காலையில் கணீரென்ற குரல் பிற்பகலில் மூக்கால் ஒலித்தது. எழுத்துக்கள் இரட்டையாகத் தெரிந்தன. இடக்கண் இமை தாழ்ந்தது. "தைரொயிட்டுக்காரருக்கு இது வழக்கந்தானே" என்று அயலார் தேற்றினர். வழக்கமன்று. கிரேவ்ஸ் நோய் இமையை மேலிழுக்குமேயன்றித் தாழ்த்துவதில்லை. தாழ்ந்த இமை மயஸ்தீனியா கிராவிஸின் அறிகுறி. நரம்பின் கட்டளையைத் தசை ஏற்கும் வாயிலைப் பிறபொருளெதிரிகள் அடைத்துவிடும் நோய் அது.

இவை இணைந்து வருதல் புதுமையன்று. 1911இல் சூரிக் நகரில், இரண்டினாலும் வருந்திய இளம்பெண்ணொருத்தியின் தைமசுச் சுரப்பியைச் சவர்புறூக் என்னும் அறுவை வைத்தியர் அகற்றினார். கேடயச் சுரப்பியின் மிகையைத் தணிக்கக் கருதிய அச்சிகிச்சையில் தணிந்தது தசைத் தளர்ச்சியே. 1934இல் கிறீனிச்சில் மேரி வோக்கர், குராரே நஞ்சின் விளைவை இந்நோய் ஒத்திருப்பதை எண்ணி, அந்நஞ்சின் மாற்றாகிய பைசோஸ்ரிக்மீனை நோயாளிப் பெண்ணொருத்திக்கு ஏற்ற, வீழ்ந்த இமை எழுந்தது. இன்றைய பிரிடோஸ்ரிக்மீன் குளிசை அதன் வழிவந்ததே.

ஆயினும் ஒரு நோயின் மருந்து மற்றதற்குப் பகையாகலாம். படபடப்புக்கு வழமையாகத் தரப்படும் பிறொப்பிறனலோல் தசைத் தளர்ச்சியை மிகுவிக்கக்கூடும். ஆசிரியைக்கும் அது தரப்பட்டது; மூன்றாம் நாள் சோறு தொண்டையில் இறங்கவில்லை. நெஞ்சைச் சோதித்தவர் இமையைக் கவனித்திலர். கேடயச் சுரப்பிக்கு ஒரு கிளினிக், நரம்புக்கு வேறொன்று. இரண்டும் சந்திக்கும் ஒரேயிடம் அவர் கைப்பையிலுள்ள கொப்பி. உண்ணும் மருந்துகளையும் உண்ணலாகாதவற்றையும் அதில் எழுதி, பல்வைத்தியர் முதலாக எவர் முன்னும் விரித்து வைக்கிறார். நோயாளியே தம் இரு வைத்தியர்க்கும் தூதுவராக வேண்டியிருப்பது வியப்புக்குரியதுதான்.

காபிமசோல் அளவும் இலேசான காரியமன்று. ஓமோன் மிகுந்தாலும் குறைந்தாலும் தசை தளரும். ஆகவே இரத்தப் பரிசோதனையைத் தவறவிடுவதில்லை. விழுங்கும் வலு வருமாறு உணவுக்குச் சற்று முன்பே குளிசை எடுக்கிறார். அதிபரிடம் கூறி, விளக்கிக் கற்பிக்கும் பாடங்களை முதலிரு பாடவேளைகளுக்கு மாற்றிக்கொண்டார். பிற்பகலில் மாணவர் வாசிக்க, கண்மூடிக் கேட்டிருக்கிறார். உச்சரிப்புப் பிழைத்தால் மட்டும் ஒரு விரலை உயர்த்துகிறார்.